பியூலாவின் இரண்டு பொய்கள்

எங்கள் லைனில் ஆம்பிளை குடித்தால் அதற்குக் காரணம் தயாராக இருக்கும். மைன்ஸை மூடிவிட்டார்கள், வேலை போயிற்று, மகன் மதிப்பதில்லை, பாவம், மனுஷன் என்னதான் செய்வான் என்பார்கள். பியூலா குடிக்கிறாள் என்று தெரிந்தபோது ஒருவர்கூட மைன்ஸைப் பற்றி வாய் திறக்கவில்லை. "பொம்பளையா அவ?" என்றுதான் கேட்டார்கள். எனக்கு அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் இதைச் சொல்கிறேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் பெயர் லதா. தங்கச் சுரங்கத்துத் தொழிலாளிகளுக்குக் கட்டிய கோரமண்டல் லைனில் பியூலா வீட்டுக்கு அடுத்த வீடு. லைன் வீடுகளில் நடுச்சுவர் என்பது பெயருக்குத்தான். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் என்ன குழம்பு என்று தெரிந்துவிடும். நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் அளவோடு ஊர்க்கதையையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதனால் பியூலாவைப் பற்றி யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாமல் போனதே இல்லை.

பியூலா அடுத்த ஸ்டேஷனான ஊரிகத்தில் பிறந்தவள். அவள் அப்பா ஏசுபாதம் சுரங்க ஷாஃப்டில் ஆட்கள் போகிற கேஜை இறக்கி ஏற்றும் வேலையில் இருந்தவர். ஆஸ்டினைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். ஆஸ்டின் பெங்களூரில் ஒரு அப்பார்ட்மென்டில் செக்யூரிட்டி. வாரத்துக்கு ஒரு தடவை வருவான், துணியைத் துவைத்துப் போட்டுவிட்டுப் போவான். குழந்தை இல்லை. அந்த ஏக்கத்தில்தான் குடித்தாள் என்று இரக்கப்படுகிறவர்களும் உண்டு. ஆஸ்டினுக்கும்தான் குழந்தை இல்லை, அவன் டீயைக்கூட அளவாகத்தான் குடிப்பான். ஏன் குடித்தாள் என்று நான் அவளிடம் கேட்டதில்லை. ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை, விடிவதற்கு முன்னால் ரயில், இருட்டிய பிறகு வீடு. திரும்பி வரும் வழியில் ஒரு சின்ன சரக்கு பாக்கெட். பிறகு இரண்டு. பிறகு வேலை போயிற்று, பாக்கெட் போகவில்லை.

ஒரு நாள் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் விழுந்து நெற்றி கிழிந்தது. ஆஸ்டினின் அக்கா பாக்கியவதி ஊரிகத்திலிருந்து ஓடி வந்து, பார்க்க வந்த எல்லோரிடமும், "லோ பி.பி., சாப்பிடாம வேலைக்குப் போறா" என்று சொல்லிவிட்டாள். பாக்கியக்கா சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர். எங்கள் லைனுக்குத் தெரிந்தது லைனோடு நின்றது; அவள் வாயிலிருந்து வந்தால் சபைக்கும் ஊருக்கும் அதுதான் உண்மை. நாலு தையல் போட்ட நெற்றியோடு பியூலா தானாகவே நிறுத்தினாள். ஊரிகத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் குடிநோயாளிகள் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்று நடக்கிறது. அங்கே போய் உட்கார்ந்தாள். பத்துப் பதினைந்து ஆம்பிளைகள், நடுவில் இவள் ஒருத்தி. பாக்கியக்காவிடம் பைபிள் வகுப்பு என்று சொல்லியிருந்தாள்.

அப்படி ஒரு வருஷம் போல ஓட்டிவிட்டாள். அப்பாடா என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அடுத்தது வந்தது.

கிறிஸ்துமஸ் பிளவுஸுக்கு அளவு எடுத்தேன். இன்ச் டேப் இடது பக்கம் பட்டதும் சுருங்கிக்கொண்டாள். "இன்னாடி?" என்றேன். "ஒண்ணுமில்ல, சும்னே ஒரு கட்டி" என்றாள். எத்தனை நாளாக என்றால் மழைக்காலத்திலிருந்து இருக்கிறதாம். வெட்கமாம். குடித்ததற்குத் தண்டனையாக வந்தது, தானாகப் போய்விடும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாளாம். எனக்கு அவளை அடிக்கலாம் போலிருந்தது. மறுநாளே இழுத்துக்கொண்டு போனேன். இங்கே டாக்டர் பார்த்துவிட்டு நேராகப் பெங்களூருக்கு அனுப்பினார்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் நோயாளியோடு ஒருத்தர்தான் உள்ளே போகலாம். ஆஸ்டினுக்கு லீவு கிடைக்கவில்லை, பாக்கியக்கா போனாள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே நடந்ததை பியூலா பிறகு சொன்னாள். டாக்டர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாராம். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, வீட்டில் யாருக்காவது கேன்சர் இருந்ததா. பிறகு, "குடிப்பழக்கம் உண்டா?" பியூலா வாயைத் திறப்பதற்குள் பாக்கியக்கா பதில் சொல்லிவிட்டாள்.

"ஐயோ, எங்க வூட்டுப் பொம்பளைங்களா? ஸ்தோத்திரம்! அதோட வாசனைகூடத் தெரியாது டாக்டர்."

டாக்டர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். நம் ஊரில் இதுதானே வழக்கம்? பொம்பளைக்கு நோய் வந்தால் அவளைத் தவிர எல்லோரும் பதில் சொல்வார்கள்.

"நீ ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"அண்ணி பக்கத்துல ஒக்காந்துகினு இருக்கும்போது எப்படிச் சொல்றது? அதான் வுட்டுட்டேன் இல்ல, இனிமே எதுக்குன்னு நெனச்சேன்."

நோய் வந்த பிறகு இது முதல் பொய். இரண்டாவதை அவளே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், "எனக்கு கேன்சர்" என்றாளாம். எங்கே என்று கேட்டார்கள். அத்தனை ஆம்பிளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மார்பு என்று சொல்ல நாக்கு எழவில்லை. "வயித்துல" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். ஆட்டோ ஓட்டுகிற மாணிக்கராஜ், வயிற்றுக்கு மோர்தான் நல்லது என்று வாராவாரம் ஒரு தூக்கு மோர் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தான். இவளும் வாங்கிக் குடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பொம்பளைகள் மார்பைப் பற்றிக் கத்திரிக்காய் விலை பேசுவது போலக் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள். அங்கே குடி என்ற சொல்லை எடுக்க முடியாது. ஊரிகத்துக் கூட்டத்தில் குடியைப் பற்றி ஒளிவுமறைவு கிடையாது. அங்கே மார்பு என்று சொல்ல முடியாது. பாதி பியூலா பெங்களூரில், பாதி பியூலா ஊரிகத்தில். முழுசாக அவள் உட்கார்ந்தது என் தையல் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் மட்டும்தான். அங்கேயும் யாராவது அளவு கொடுக்க வந்தால் எழுந்து போய்விடுவாள்.

ஆபரேஷன் நடந்தது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த வாரமே ஒருத்தி என்னிடம் வந்து, "இனிமே அவளுக்கு எப்படி அளவு எடுப்பே?" என்று கண்ணைச் சிமிட்டிக் கேட்டாள். "உன் நாக்கை நீட்டு, முதல்ல அதுக்கு அளவு எடுக்கறேன்" என்றேன். அன்றிலிருந்து அவள் வேறு டெய்லரிடம் போகிறாள். நல்லதாகப் போயிற்று.

பிறகு கீமோ. முதலில் சிவப்பு மருந்து. ஏறிய இரண்டாம் நாளிலிருந்து குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. முடி கொத்துக் கொத்தாகப் போயிற்று. அதைவிட, பார்க்க வந்தவர்கள்தான் பெரிய தொந்தரவு. பின் லைன் வெங்கடம்மா முட்டையை அடித்து அதில் பிராந்தி ஊற்றிக் கலக்கி, டம்ளரை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். "தெம்புக்கும்மா, மருந்துதான், கண்ணை மூடிகினு குடி" என்றாள். இதே வெங்கடம்மாதான் முன்னே "பொம்பளையா அவ" என்று கேட்டவள். டம்ளரைப் பார்த்த பியூலாவின் மூக்கு விடைத்தது. எழுந்தாள், பாத்ரூமுக்குப் போனாள், கொட்டினாள், டம்ளரைக் கழுவி வெங்கடம்மா கையில் கொடுத்தாள். "நல்ல மருந்தைக் கொட்டிட்டாளே, திமிரு" என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள் வெங்கடம்மா.

அத்தனை வாந்தியிலும் பியூலா ஒரு சொட்டு குடிக்கவில்லை. அவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொல்லியும் விட்டேன்.

சிவப்பு முடிந்து வெள்ளை மருந்து தொடங்கியது. வாரம் ஒரு முறை. "இது ஈசி, வாந்தி வராது" என்றார் நர்ஸ். முதல் தடவை நான்தான் கூடப் போனேன். சாயந்திர ரயிலில் பெண்கள் பெட்டியில் வந்துகொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் பியூலாவின் முகம் சிவந்திருக்கிறது. கண் ஒரு மாதிரி பளபளக்கிறது. எதிரே இருந்த ஒரு குழந்தையிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள், சத்தமாகச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நடுச்சுவர் வழியாக எத்தனையோ தடவை கேட்ட சிரிப்பு.

அவள் பையைப் பிடுங்கித் துழாவினேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தேன். தண்ணீர்தான்.

"இன்னா தேடறே?" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"எப்ப வாங்கின? பாத்ரூம் போறேன்னு போனியே, அப்பவா?"

"லதா, சத்தியமா நான் குடிக்கல. ஆனா குடிச்ச மாதிரி இருக்குது. அந்த பாட்டிலு ஏறும்போதே தெரிஞ்சிது. நெஞ்சு சூடாச்சு, காலு லேசாச்சு. அந்த மருந்துல சரக்கு இருக்குது."

"லூசா நீ? கவர்மென்ட் ஆஸ்பத்திரியில சரக்கை ஏத்துவானா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. அடங்கிக் கிடந்தது எழுந்துகொண்டது. சோறு இறங்கவில்லை, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். வெளியே பூட்டச் சொல்லி வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தாள். பூட்டினேன். மத்தியானத்துக்குள் சுவரைத் தட்டித் திறக்கச் சொன்னாள். திறக்கவில்லை என்றதும் என் அம்மாவையும் என் வீட்டுக்காரரையும் சேர்த்துத் திட்டினாள். நானும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து திட்டினேன். லைனில் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்று எங்கள் சண்டையை ரசித்தார்கள்.

அடங்கிய பிறகு என்னிடம் தெளிவாகச் சொன்னாள்.

"அடுத்த வாரம் நான் போவல. இன்னும் பத்து பன்னெண்டு தடவை இருக்குதாம். ஒவ்வொரு தடவையும் இப்படி எழுப்பி வுட்டா, ஒரு நாளு நான் குடிச்சிடுவேன். குடிச்சா நிறுத்த மாட்டேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். கேன்சர்ல செத்தா சர்ச்சுல அழுவாங்க. குடிச்சு செத்தா அண்ணி அதுக்கும் லோ பி.பி.ன்னு சொல்லும்."

"மருந்தை நிறுத்தினா மறுபடி வருமேடி" என்றேன்.

"அதுக்குத்தான் இன்னா பண்றதுன்னு கேக்கறேன்!" என்று கத்தினாள். "மருந்து போட்டுகினா குடிப்பேன், போட்டுக்கலன்னா சாவேன். நீயே சொல்லு, எதைச் செய்யட்டும்?"

எனக்கு என்ன தெரியும்? எனக்குப் பிளவுஸுக்குக் கை வைக்கத் தெரியும், கழுத்து வைக்கத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கூடவே போனேன். வாசலில் நின்றுகொண்டேன். பியூலா எழுந்து, "என் பேரு பியூலா, நான் ஒரு குடிநோயாளி" என்று வழக்கம் போலத் தொடங்கினாள். பிறகு ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். "எனக்கு வயித்துல கேன்சர் இல்ல. மார்புல. ஒரு பக்கத்தை எடுத்துட்டாங்க. இப்ப ஏத்தற மருந்துல போதை இருக்குது. நான் இத்தனை நாளு குடிக்காம இருந்த கணக்கு இப்ப நிக்குமா, போச்சா? முதல்லேர்ந்து தொடங்கணுமா?"

பதினைந்து ஆம்பிளைகளும் தரையைப் பார்த்தார்கள். பம்பு ஹவுஸில் வேலை பார்த்து ரிட்டயரான ராஜப்பாதான் அங்கே மூத்தவர். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒருத்தர், போதை போதைதான், முதல்லேர்ந்து தொடங்கணும் என்றார். இன்னொருத்தர், வாயால் குடித்தால்தான் குடி, நரம்பில் ஏறுவது சேராது என்றார். இரண்டு கட்சியாகப் பிரிந்து சத்தம் போட ஆரம்பித்தார்கள். அவள் நடுவில் நின்றுகொண்டே இருக்கிறாள், அவளைப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சத்தம் கொஞ்சம் ஓய்ந்தபோது மாணிக்கராஜ் மெதுவாகக் கேட்டான். "அப்ப நான் குடுத்த மோரு?"

"நல்லாத்தான்ணே இருந்திச்சு" என்றாள் பியூலா. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ராஜப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "டாக்டரு இதுக்கு இன்னா சொன்னாரும்மா?"

"அவருக்கு நான் குடிச்சதே தெரியாது."

"அப்ப எங்ககிட்ட எதுக்கும்மா கேட்டுகினு இருக்கே?" என்றார் ராஜப்பா எரிச்சலாக.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "கெழத்துக்குக் கோவத்தைப் பாரு" என்று முணுமுணுத்தாள். ஆனால் அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

பாக்கியக்காவும் வந்து சேர்ந்துகொண்டாள். போன வாரம் தன்னை விட்டுவிட்டு நான் போனதில் அவளுக்கு வருத்தம். அன்றைக்குக் கூட்டம் அதிகமாக இருந்ததால் டாக்டர் அறைக் கதவை மூடவில்லை. நான் வாசற்படியில் நின்றேன். எனக்குப் பின்னால் தலையில் துண்டு கட்டிய பொம்பளைகள் வரிசையாக நின்றார்கள்.

"டாக்டர், நான் குடிநோயாளி" என்றாள் பியூலா.

பாக்கியக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே டாக்டரிடம் கன்னடத்தில், மருந்து ஏறியதிலிருந்து இவளுக்குத் தலை சரியில்லை, ஏதேதோ பேசுகிறாள் என்றாள். பியூலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடமே பேசினாள். எத்தனை வருஷம் குடித்தது, எப்போது நிறுத்தியது, போன வாரம் ரயிலில் என்ன ஆனது, எல்லாவற்றையும் சொன்னாள். பாக்கியக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். அவரே சின்னப் பெண், ராத்திரி தூங்காத முகம். "குடிக்கறதே இல்லன்னு எழுதியிருக்கே! முதல்லயே சொல்லியிருக்க வேணாமாம்மா? இந்த மருந்து தண்ணில கரையாது. ஸ்பிரிட் கலந்துதான் வரும். அதோட தூக்கம் வர்ற ஊசியும் போடறோம். மத்தவங்களுக்குக் கொஞ்சம் கிறுகிறுப்பு இருக்கும், போயிடும். உங்களுக்கு அது வேற விஷயம்."

"அப்ப நிறுத்திடலாமா?"

"நிறுத்தக் கூடாது. ஸ்பிரிட் இல்லாத வகை இருக்குது. அதுக்கு எழுதித் தர்றேன், ஆனா வர்றதுக்கு நாள் ஆகும். அதுவரைக்கும் இதையே மெதுவா ஏத்தறேன். இன்னைக்கு ராத்திரி வார்டுல தங்கிட்டுப் போங்க."

எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனால், படுக்கை இல்லை என்றார்கள். தரையிலாவது படுக்கட்டும் என்று நான் சண்டை போட்டேன். தரையிலும் ஆட்கள் படுத்திருந்தார்கள். மருந்தை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், ஏதாவது ஆனால் போன் செய்யுங்கள் என்றார்கள். ஏதாவது ஆவதே போகிற வழியில்தான் என்று அவர்களுக்கு நான் எப்படிச் சொல்லி விளங்கவைப்பது?

பாட்டில் பாதி இறங்கியபோது பியூலா என் மணிக்கட்டைப் பிடித்தாள். முகம் சிவக்க ஆரம்பித்திருந்தது.

"ரொம்ப நல்லா இருக்குதுடி லதா" என்றாள். "அதான் பயமா இருக்குது."

ரயிலில் பாக்கியக்கா எங்களோடு பேசவில்லை. கதவுக்குப் பக்கத்து சீட்டில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மானம் போய்விட்டதாம். பெட்டி நிறைய எங்கள் ஊர் பொம்பளைகள். கார்மென்ட்ஸ் வேலை முடிந்து வருகிறவர்கள், ஹவுஸ்கீப்பிங் வேலை முடிந்து வருகிறவர்கள். பாதிப் பேர் பாக்கியக்காவின் சபைதான். "இன்னா அக்கா, தம்பி சம்சாரத்துக்கு இப்ப பரவால்லையா?" என்று கேட்டார்கள். "கர்த்தர் கிருபை" என்று அவர்களுக்கு மட்டும் பதில் சொன்னாள்.

பங்காருப்பேட்டையில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். ஸ்டேஷன் வாசலிலேயே பிராந்திக் கடை. பியூலா வேலைக்குப் போய் வந்த காலத்தில் வழக்கமாக வாங்கின கடை அதுதான். வண்டி நின்றதும் எழுந்தாள்.

"தண்ணி வாங்கிகினு வரேன்."

"பாட்டில் நிறைய தண்ணி இருக்குது. ஒக்காரு."

"கூலா வேணும். வுடு."

கையைப் பிடித்தேன். உதறினாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ, என்னை ஜன்னல் மேல் தள்ளிவிட்டுக் கதவுப் பக்கம் போனாள். ஓடிப் பிடிப்பதற்குள் இறங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். போய்விட்டாள், எல்லாம் போயிற்று.

பாக்கியக்கா எழுந்து கதவில் நின்றாள். இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளுங்க அண்ணி" என்றாள் பியூலா.

"முடியாது."

"தள்ளுங்கன்னா!"

பாக்கியக்கா அவளைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்து, சபையில் ஜெபம் பண்ணுகிற அதே குரலில் கத்தினாள்.

"இவ குடிகாரிம்மா! என் தம்பி பொண்டாட்டி குடிகாரி! கடைக்குப் போறா! இவள எறங்க வுடாதீங்கம்மா, புண்ணியமா போவும், யாராச்சும் பிடிங்க!"

சபைப் பொம்பளைகள் இரண்டு பேர் எழுந்து வந்து பியூலாவின் தோளைப் பிடித்தார்கள். கார்மென்ட்ஸ் பெண் ஒருத்தி அந்தப் பக்கத்துக் கதவில் போய் நின்றுகொண்டாள். பியூலா திமிறினாள், திட்டினாள், பாக்கியக்காவின் கையைக் கிள்ளினாள். ரத்தம் கட்டிப்போகிற அளவுக்குக் கிள்ளினாள். பாக்கியக்கா கம்பியை விடவில்லை. வண்டி நகர்ந்தது.

பியூலா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைத்துண்டு அவிழ்ந்து மொட்டைத் தலை எல்லோருக்கும் தெரிந்தது. "உங்கள எவ கேட்டா?" என்று பாக்கியக்காவைப் பார்த்து அழுதாள். "ஊரு பூரா சொல்லிட்டீங்களே. நான் இனிமே எப்படி வெளிய வருவேன்?" பாக்கியக்காவும் அழுதுகொண்டிருந்தாள். ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. கோரமண்டலில் நானும் பியூலாவும் இறங்கினோம். பாக்கியக்கா ஊரிகம் போய்விட்டாள்.

மறுநாளே லைன் முழுக்க, ஊர் முழுக்கப் பேச்சு. பெண்கள் ஐக்கியத்தில் செயலாளரை மாற்ற வேண்டும் என்றார்களாம். பியூலா அந்த வாரம் முழுக்க வாசலுக்கு வரவில்லை. பாக்கியக்கா போன் செய்தால் எடுக்கவில்லை. அந்தப் பெயரை எடுத்தாலே என்மேல் பாய்ந்தாள்.

அடுத்த மருந்துக்கு முந்தின நாள் ஆஸ்டின் லீவு போட்டுவிட்டு வந்தான். ரயிலில் நடந்தது அவன் காதுக்கும் போயிருந்தது. ஒன்றும் கேட்காமல் அவள் துணியையும் சேர்த்துத் துவைத்துக் காயப்போட்டான். "நாளைக்கு நானே கூட்டிகினு போறேன் லதா" என்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பியூலாவின் குரல் வந்தது.

"அவரு வேணாம். அவரு நல்லவரு, நான் கெஞ்சினா எறக்கி வுட்டுடுவாரு. அண்ணிக்கு போன் போட்டு வரச் சொல்லு."